கடைசித் தாள் கிழிந்த பிரதி

ஃப்ரேசர்பரா துறைமுகத்தில்
மருந்துக்கடை ஷட்டர் பாதி ஏறும்போதே
நாங்கள் நான்கு பேர் நிற்போம்,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத வரிசை.

சின்ன பிளாஸ்டிக் கோப்பையில் பச்சை மெத்தடோன்.
குடித்ததும் ஏதாவது பேசிக் காட்ட வேண்டும்,
வாய்க்குள் ஒதுக்கி வைக்கவில்லை
என்பதற்கு அதுதான் அத்தாட்சி.
"காற்று வடக்கிலிருந்து" என்பேன்.
மோர்வென் தலையாட்டி ரிஜிஸ்டரில் குறிப்பாள்.
பதினான்கு மாதமாய்
மனிதரோடு என் பேச்சு அவ்வளவுதான்.

நூலகத்துக்குப் போனது படிக்க அல்ல.
அங்கே ஹீட்டர் உண்டு.
சும்மா உட்கார்ந்தால் கிளப்பிவிடுவார்களோ என்று
கைக்கு எட்டியதைப் பிரித்தேன்:
பெரிய எழுத்துத் துப்பறியும் நாவல்,
அட்டையில் யாரோ டீக்கோப்பை வைத்த வட்டம்.
ஒரு மலை விடுதி. ஒரு பிணம். ஏழு பேர்.

முதல் நாள் ஒன்றரைப் பக்கம்.
ஈரக் கயிற்று முடிச்சை அவிழ்க்கிறவன் போல
ஒரே வரியில் நான்கு தரம்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒருத்தி
"அவன் கையை விட்டுவிட்டேன்" என்றாள்.

பிப்ரவரி. வின்ச் அலறல்.
டூகலின் கையுறை என் பிடியில்.
டூகல் இல்லை.

மூடினேன்.
புத்தகம் மூடிக்கொண்டது.

இதைத்தான் சொல்ல வந்தேன்.
பதினோரு வருடமாய்த் தலைக்குள் கிடப்பது
எதைப் போட்டு அமுக்கியும் மூடியதில்லை.
ஊசி போட்டு ஆழத்துக்கு இறக்குவேன்,
விடிவதற்குள் மிதந்து வரும்.
இது, அட்டையைத் தொட்டதும் கேட்டுக்கொண்டது.
கட்டைவிரலைப் பக்கத்துக்குள் விட்டபடி
ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
ஒரு கடற்காகம் சிப்ஸ் பொட்டலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.
பிறகு நானாகத்தான் திறந்தேன்.

அன்றிரவும் அது வந்தது,
பத்தரைக்கு, முழங்காலில் தொடங்கி.
விற்கிறவன் வீடு பத்து நிமிட நடை.
விடுதிக்காரி சொல்லும் பொய்யை முடித்துவிட்டுப் போகலாம் என்றேன்.
அத்தியாயம் இருபத்திரண்டு நிமிடம்.
முடியும்போது அதுவும் இளைத்திருந்தது.
போய்விடவில்லை. இளைத்திருந்தது.

நடுவில் இரண்டு இரவு தோற்றேன்,
அதையும் எழுதிவிடுகிறேன்.
அது பார்க்கக் கூடாது என்பதுபோல
புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுப் போனேன்.
திரும்பியபோது
அதே பக்கத்தில் கிடந்தது,
எங்கே போனாய் என்று கேட்காமல்.

கடைசித் தாளை எவனோ கிழித்திருந்தான்.
முதலில் சிரித்தேன். பிறகு கத்தினேன்.
நூலகக்காரி எல்ஸ்பெத் மிரளவில்லை.
"அபர்தீனில் இன்னொரு பிரதி உண்டு,
வியாழக்கிழமை வேனில் வரும்."

அன்று வெள்ளி.
வியாழன் வரைக்கும் இரு என்று
அதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆறு இரவு.
கொலைகாரனை ஆறு விதமாகப் பிடித்தேன்.
ஒரு இரவு டாக்டர், ஒரு இரவு சமையற்காரன்.
ஒரு இரவு யாருமே கொல்லவில்லை,
பனி வழுக்கியது,
யாரும் கையை விடவில்லை, கை நழுவியது.
அந்த முடிவை மட்டும்
சுவரைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னேன்,
இரண்டு தடவை.

வேன் வந்தது.
முடிவு சப்பென்று இருந்தது.
முந்நூறு பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத
பால்காரனாம்.
என்னுடையவற்றில் இரண்டு இதைவிடத் தேவலை.
"எப்படி?" என்றாள் எல்ஸ்பெத்.
"மோசம். இவர் எழுதினது வேறு இருக்கா?"

மறுநாள் காலை, பச்சைக் கோப்பை.
விழுங்கினேன்.
காற்றின் திசைக்காக மோர்வென் காத்திருந்தாள்.
"பால்காரன்தான் கொன்றான்" என்றேன்.

பேனா அப்படியே நின்றது.
எனக்குப் பின்னால் நின்றவன்,
பதினான்கு மாதமாய் நான் முகம் பார்க்காதவன்,
கோட்டுக்குள்ளிருந்து உருவினான்,
அட்டையில் டீ வட்டம்:

"அடப்பாவி,
நான் இன்னும் பாதிகூடத் தாண்டலையே."